கூரைக்குச் சின்ன ரானா

செப்டெம்பர் 6, சனி

நடப்பதை எல்லாம் தினமும் எழுதிவைக்கச் சொன்னார் டொக்டர். ஞாபகத்துக்கு நல்லதாம். என்னுடையது யானை ஞாபகம். அளவுக்கு மிஞ்சி இருப்பதைக் கொஞ்சம் தாளில் இறக்கிவைக்கட்டும் என்று அந்த மனுஷன் நினைத்திருப்பார்.

நான் தர்மகுலசிங்கம். ஊர்ச்சனத்துக்குச் சிங்கண்ணை. ஸ்காபரோவில் சொந்த வீடு, தனிக்கட்டை. எட்டாம் வகுப்போடு நின்றவன். படிப்பு ஏறாமல் நிற்கவில்லை, அதற்கு மேல் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்கு முடிந்துவிட்டது. பெண் கொடுக்க நாற்பது வீட்டார் வந்தார்கள். எனக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை.

இன்று விஷயம் என்னவென்றால், மேல்மாடி அறைச் சுவரில் ஒழுக்கு. அந்தச் சுவர் எனக்கு மட்டும் சொந்தமில்லை. எங்களுடையது இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தவமணி. பதினொரு வருஷ அயல். புருஷன் காலமாகி ஏழு வருஷம். தவமணி ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். தந்தி அடித்த கை, அதனால் பேச்சும் தந்திதான். ஒரு சொல் மிச்சமாக வராது.

நான் உடனே ஏணியை வைத்துக் கூரையில் ஏறிவிட்டேன். மேலே ஒரு ரக்கூன், கரடி அளவு. நாலு ஓடுகளைப் பிய்த்து எறிந்துவிட்டு என்னை முறைத்தது. நான் திருப்பி முறைத்தேன். அது கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனது.

கீழே நின்ற தவமணி, "மூண்டாம் படியில நிண்டுகொண்டு ஆரோட கதைக்கிறியள், சிங்கண்ணை?" என்றார்.

மூன்றாம் படியிலிருந்தே என் கண்ணுக்கு எல்லாம் தெரியும்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

கூரை வேலைக்காரன் கெங்கா வந்தான். எங்கள் ஊர்ப் பையன், இப்போது நாற்பது வயது. காகிதமும் கையுமாக வந்து முதல் கேள்வியாகக் கேட்டான்: "அண்ணை, நீங்கள் சிங்கிளோ, மெற்றலோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் சிங்கிளாய் இருந்தால் உனக்கென்ன? கூரைக்கு வந்தனியோ, கலியாணம் பேச வந்தனியோ?"

அவன் ஏதும் சொல்ல முன்னம் தவமணி, "ஷிங்கிள். தார் பூசின ஓடு. இப்ப எங்கட தலைக்கு மேல இருக்கிறது" என்றார். எனக்கும் தெரியும். பையனைச் சோதித்துப் பார்த்தேன்.

கெங்கா சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். ஒழுக்கு இரண்டு வீடும் சேருகிற இடத்தில். ஆகவே இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாற்றவேண்டும், அதுவும் பனி விழ முன்னம். தார் ஓடு போட்டால் இருபது வருஷம். தகரம் போட்டால் ஐம்பது வருஷம். இரண்டு பேரும் ஒன்றையே தெரிவுசெய்து கையெழுத்து வைத்தால் நல்லது.

"தகரம்" என்றேன் நான்.

"தார் ஓடு" என்றார் தவமணி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. கெங்கா காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "கதைச்சு முடிவெடுத்துப்போட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ."

செப்டெம்பர் 13, சனி

தவமணி வீட்டுக் குசினியில் பேச்சுவார்த்தை. முகம் வழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். பேச்சுவார்த்தை என்றால் அப்படித்தான் போகவேண்டும்.

தாரைப்பற்றி இந்தத் தெருவில் என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சவூதியில் ஆறு வருஷம் ரோட்டுக்குத் தார் காய்ச்சியவன் நான். அந்த வெயிலில் தார் இளகி, ஒரு ஒட்டகம் நின்ற நிலையில் ஒட்டிக்கொண்டது. எட்டுப் பேர் சேர்ந்து கழற்றினோம். அப்படிப்பட்ட சாமானைத் தலைக்கு மேல் போடலாமா என்று கேட்டேன்.

"போன முறை சொல்லேக்க ஆடு" என்றார் தவமணி. "புழுகாதேங்கோ."

பிறகு தகரத்தின் பெருமையை எடுத்துவிட்டேன். பனி வழுக்கி விழும். ரக்கூன் பிய்க்காது. ஐம்பது வருஷம் ஏணி எடுக்கத் தேவையில்லை. இன்னும் பதினேழு காரணங்கள் சொன்னேன்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "ஐம்பது வருஷம் எனக்கு என்னத்துக்கு? தர்சினி கல்கரிக்கு வரச்சொல்லுறா. மாசியிலயோ பங்குனியிலயோ வீட்டை விப்பம் எண்டு நிக்கிறா. விக்கிற வீட்டுக்குத் தார் ஓடு காணும்."

தர்சினி அவருடைய ஒரே மகள். கெட்டிக்காரி. கல்கரி நல்ல ஊர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். விமானத்தில் நாலு மணித்தியாலம்.

வடிவான தேத்தண்ணி. பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், வீட்டில் அடுப்பு எரிகிறதோ என்று ஒரு யோசனை.

செப்டெம்பர் 14, ஞாயிறு

மழைத்தண்ணி ஓடும் கூரைப் பீலியில் அடைத்திருந்த இலைகளை அள்ளினேன். இரண்டு பக்கமும். வேறு ஒன்றும் இல்லை.

செப்டெம்பர் 17, புதன்

ஆராய்ச்சி. எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் நடந்து கூரை எண்ணினேன். இருநூற்றிப் பதினான்கு வீடு. தகரம் போட்டவை ஒன்பது. அந்த ஒன்பது வீட்டிலும் விற்பனைப் பலகை ஒன்றுகூட இல்லை. தார் ஓடு போட்ட வீடுகளில் ஐந்து பலகை. கணக்குத் தெளிவு. தகரம் போட்டவர்கள் வீட்டை விற்பதில்லை.

இதைத் தவமணியிடம் போய்ச் சொன்னேன். காலையில் ஒருமுறை, மத்தியானம் தகரக் கொம்பனியின் படப்புத்தகத்தோடு ஒருமுறை, பின்னேரம் அந்தப் படப்புத்தகத்தைத் திருப்பி வாங்க ஒருமுறை.

"விக்கிறதுக்கும் தகரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"அதைத்தான் நானும் கேக்கிறன். ஏன் விக்கவேணும்?"

"நான் அதைக் கேக்கேல்லை."

அவர் வெண்டைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கத்தி எடுத்து வெட்டினேன். சவூதியில் முந்நூறு பேருக்குச் சமைத்த கை. என்னுடைய துண்டுகளை அவர் பிறகு திரும்பவும் வெட்டினார்.

செப்டெம்பர் 20, சனி

ஊர்ச் சங்கத்து வாட்ஸப் குழுவில் நூற்றி எண்பத்தாறு பேர். நோர்வே, பாரிஸ், சிட்னி என்று உலகம் முழுக்க. கூரை மாற்றிய அனுபவம் எத்தனை பேருக்கு இருக்கும். எல்லோரும் தகரம் என்றால் தவமணி கேட்கத்தானே வேண்டும். கச்சிதமாக ஒரு செய்தி எழுதிப் போட்டேன். அதை இங்கே பார்த்து எழுதுகிறேன், வருங்காலத்தவர் படிக்கட்டும்:

"அன்பான உறவுகளே, நானும் பக்கத்து வீட்டுத் தவமணியும் குளிர் தொடங்க முன்னம் கூறை மாற்ற இருக்கிறோம். நிறம் இன்னும் முடிவாகவில்லை. அனுபவம் உள்ளவர்கள் யோசனை சொல்லவும். இவ்வண்ணம் சிங்கண்ணை."

அரை மணித்தியாலத்தில் எழுபது பதில். என் செய்திக்கு எப்போதும் அப்படித்தான்.

நோர்வேக்காரர் எழுதினார்: "நல்ல முடிவு அண்ணை. தனிய இருந்து என்ன கண்டது." சரிதான், ஒரு பக்கம் மட்டும் தனியாக மாற்றினால் ஒழுகும். நோர்வேக்காரருக்கே விளங்குகிறது.

பாரிஸிலிருந்து ஒரு பெண்பிள்ளை: "அரக்குச் சிவப்பு எடுங்கோ மாமா, அதுதான் மங்களம்." வெயிலுக்கு வெளிறாதா என்று கேட்டேன். பட்டு வெளிறாது என்றார். பட்டில்கூட வருகிறது என்று எனக்குத் தெரியாது. கெங்காவைக் கேட்கவேண்டும்.

"எங்க எடுக்கிறியள்? சென்னையிலயோ?" என்று இன்னொருவர். "இஞ்சதான். வீட்டுக்கே கொண்டுவந்து காட்டுறாங்கள்" என்று போட்டேன்.

சிட்னிக்காரர் ஒருவர், "அவவுக்கு இது ரெண்டாவது எல்லே?" என்று கேட்டார். விபரமான ஆள். "ஓம். முதலாவது பதினெட்டு வருஷம் உழைச்சது. இப்ப ஓட்டை விழுந்துபோச்சு, அதுதான் மாத்துறம். இந்த முறை ஐம்பது வருஷத்துக்கு நிண்டு பிடிக்கிறதாப் பாக்கிறன்" என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் எழுதவில்லை. ஒரு கும்பிடு மட்டும் போட்டார்.

ஆனால் தகரமா தார் ஓடா என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் வாழ்த்துத்தான். ஒரு கூரைக்கு இத்தனை வாழ்த்து வருவதென்றால், என்னில் சனத்துக்கு அவ்வளவு மதிப்பு.

செப்டெம்பர் 21, ஞாயிறு

ஏஜாக்ஸிலிருந்து அக்காவின் மகள் சங்கவி தொலைபேசியில் வந்தாள்.

"மாமா, சந்தோஷம். ஆனா எனக்கு ஒரு வார்த்தை முதல்ல சொல்லியிருக்கலாம்."

"உன்ர வீட்டுக் கூரை மாத்தேக்க நீ எனக்குச் சொன்னியோ?"

"மாமா, நீங்கள் எந்தக் கூரையைச் சொல்லுறியள்?"

"வீட்டுக் கூரை. வேறென்ன கூரை?"

"ஐயோ மாமா. நீங்கள் பெரிய றானா போட்டிருக்கிறியள். பெரிய றானா போட்டால் அது கூறை, கலியாணச் சேலை. தாலி கட்டேக்க பொம்பிளை உடுக்கிறது. நீங்களும் அன்ரியும் குளிருக்கு முன்னம் கலியாணம் கட்டப்போறியள் எண்டு சனம் முழுக்க நினைச்சுக்கொண்டு நிக்குது."

நான் அது தொலைபேசியின் பிழை என்றேன். அந்தச் சாமான் தானாக எழுத்து மாற்றுகிறது என்றேன்.

"அப்ப அந்த ரெண்டாவது, முதலாவதில ஓட்டை விழுந்தது எல்லாம்?" என்றாள்.

போனை வைத்துவிட்டு, சிட்னிக்காரருக்கு எழுதியதைத் திரும்ப வாசித்தேன்.

செப்டெம்பர் 22, திங்கள்

தவமணி வேலிக்கு வந்தார். நேற்று முழுக்க அவருக்கு அழைப்பாம். தர்சினி கல்கரியிலிருந்து மூன்று முறை.

நான் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சனம் கதைக்கிறது கிடக்கட்டும். சனம் எண்டால் கதைக்கும். முப்பது வருஷம் தந்தி வாங்கிக் குடுத்தனான் நான். 'செத்தார்' எண்டதும் 'சேர்ந்தார்' எண்டதும் எத்தனை எழுத்து வித்தியாசம் எண்டு எனக்குத் தெரியும். கூரைக்கு றானாப் போட்டியளே, அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு."

"போன்தான்..."

"போன் ஒண்டும் செய்யேல்லை."

பிறகு, "தர்சினி பங்குனி வரைக்கும் நிக்கவேண்டாம், நத்தாருக்கு முன்னமே வாங்கோ எண்டுறா" என்றார். "கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதேங்கோ, சிங்கண்ணை."

வந்த பாதையில் திரும்பிப் போனார். அந்த வேலி என் இடுப்பளவுதான் உயரம். எட்டிக் கடந்துவிடலாம்.

செப்டெம்பர் 23, செவ்வாய்

குழுவில் மறுப்புப் போட்டேன்: "அது கூரை. சின்ன ரானா. வீட்டுக்கு மேலே இருப்பது." ஒருவரும் நம்பவில்லை. "வெக்கப்படாதேங்கோ அண்ணை" என்று நோர்வேக்காரர்.

இந்த டயறியின் முன்பக்கங்களில் இருந்த பெரிய றானாக்கள் எல்லாவற்றையும் நீலப் பேனையால் சின்னதாக்கிவிட்டேன். இனி ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. இருபதாம் திகதிச் செய்தியை மட்டும் தொடவில்லை. அது சாட்சி.

செப்டெம்பர் 30, செவ்வாய்

குப்பைத் தொட்டிகளை வெளியே வைக்கப் போனேன். தன்னுடையதோடு என்னுடையதையும் தவமணி முதலே வைத்துவிட்டார். நான் எழுந்தது ஆறு மணிக்கு.

ஒக்டோபர் 3, வெள்ளி

கோட்டுப் போட்ட ஒருத்தி வந்து தவமணியின் வாசலில் நின்று வீட்டைப் படம் எடுத்தாள். இடம்மாறி நின்று, என் பக்கம் படத்தில் வராமல் எடுத்தாள். என் வீட்டை எடுத்திருந்தால் அவளுக்கு நல்ல படம் கிடைத்திருக்கும்.

பின்னேரம் முழுக்க யோசித்தேன். ஒரு கூரையில் பாதி தகரம், பாதி தார் ஓடு என்றால் வாங்க வருகிறவன் முகம் சுளிப்பான். பக்கத்து வீட்டுக்காரன் கோணங்கி போலிருக்கிறது என்று நினைப்பான். தவமணியின் வீடு விலைப்படாமல் கிடக்கும். என்னால் ஒருவருக்கும் கரைச்சல் வரக்கூடாது. அது என் குடும்பத்துக் குணம்.

கெங்காவை அழைத்தேன். "என்ர பக்கத்துக்குத் தார் ஓடே போடு."

"அண்ணை, தகரம் எண்டு ஒற்றைக்காலில நிண்டியள்?"

"ஆராய்ச்சியில தார் ஓடுதான் திறம் எண்டு தெரியவந்தது."

அவன் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினான். "சரி, நீங்கள் சொல்லுறதைச் செய்யிறன். காகிதம் அனுப்புறன், கையெழுத்து வையுங்கோ."

இரவு சோறு வைக்கவில்லை. பசி இல்லை. இரண்டு துண்டு பாண் சாப்பிட்டேன்.

ஒக்டோபர் 10, வெள்ளி

இன்றும் நாளையும் கூரை வேலை. சத்தம் எனக்கு ஒத்துவராது என்று சங்கவி வந்து ஏஜாக்ஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நன்றி நவிலல் நாளுக்கு நீண்ட வார இறுதி. வான்கோழி வைத்திருக்கிறாள். அதற்கு யாழ்ப்பாணத் தூள் போட்டுக் கறியாக்கினேன். வந்திருந்த வெள்ளைக்காரன் அழுதான். உறைப்பில் என்றாள் சங்கவி. ருசியில் என்று அவன் கண்ணே சொன்னது.

"மாமா, அன்ரியோட கதைச்சியளோ?" என்று கேட்டாள்.

எனக்குக் கறியில் வேலை இருந்தது.

ஒக்டோபர் 14, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுதவேண்டும். ஒன்றும் கூட்டவில்லை.

காலை பத்து மணிக்குச் சங்கவி தெருமுனையில் காரைத் திருப்பினாள். திருப்பியவள் நிறுத்திவிட்டாள். இருவரும் கண்ணாடிக்குள்ளால் பார்த்தோம். எங்கள் இரட்டை வீட்டில் என் பாதி மண்ணிறத் தார் ஓடு. தவமணியின் பாதி தகரம். அதுவும் அரக்குச் சிவப்பு. நடுவில் ஒரு வெள்ளைத் தகட்டுப் பட்டி, தலையில் வகிடு எடுத்ததுபோல.

நான் காரை விட்டு இறங்கும்போதே கெங்காவை அழைத்துவிட்டேன். "என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?"

"நீங்கள் தார் எண்டு கையெழுத்து வைச்சியள். அக்கா தகரம் எண்டு கையெழுத்து வைச்சா. நான் காகிதத்தில இருக்கிறதைச் செய்தனான்."

"அவ மாறினது எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை எண்டு ஊர்ச் சங்கம் முழுக்கத் தெரியும். புருஷன் பெண்சாதிக்கு நடுவில நான் ஏன் அண்ணை வாறன்?"

புருஷன் பெண்சாதி இல்லை என்று நான் சொல்ல முன்னம் வைத்துவிட்டான்.

தவமணி தன் வாசலில் நின்றார். "உங்கட பக்கம்தான் முதல் செய்தாங்கள்" என்றார். "நான் வெளியில வந்து பாக்கேக்க முடிஞ்சுபோச்சு. தார் ஓடு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை."

"நீங்கள்தானே தார் கேட்டனீங்கள்?"

"நீங்கள்தானே தகரம் தகரம் எண்டு காதைத் திண்டனீங்கள்."

சங்கவி காருக்குள் ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

"அப்ப கல்கரி?" என்று கேட்டேன். என் குரல் ஒரு மாதிரி வந்தது. ஏஜாக்ஸ் காற்று ஒத்துவரவில்லை.

"அந்த வீடு விக்கிற பொம்பிளை வந்தவ. வீட்டைச் சுத்திப் பாத்துப்போட்டு, பக்கத்தில ஆர் இருக்கினம், கரைச்சலான ஆக்களோ எண்டு கேட்டா. நான் பதில் சொல்லத் தொடங்கினன். முக்கால் மணித்தியாலம் சொன்னன்." தந்தி அடித்த தவமணிதான் இதைச் சொல்கிறார். "பிறகு நானே அவவைப் போகச் சொல்லிப்போட்டன். தர்சினிக்கும் சொல்லியாச்சு. ஆறுதலாப் போய் ஒரு மாதம் நிண்டு வருவன், அவ்வளவுதான்."

முக்கால் மணித்தியாலம் என்னைப்பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க வாய் உன்னியது. சவூதி, ரக்கூன், முந்நூறு பேருக்குச் சமைத்தது என்று நான் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கேட்கவில்லை.

"உங்களுக்கு ஏன் திடீரெண்டு தார் ஓடு?" என்றார்.

ஆராய்ச்சி என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒட்டகத்தைக்கூட ஒருதரம் நினைத்தேன்.

"நீங்கள் போறதெண்டால், விக்கச் சுகமாய் இருக்கட்டும் எண்டு" என்றேன்.

தவமணி மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். சிவப்புப் பாதி, மண்ணிறப் பாதி. தெருவில் நாயோடு போன வெள்ளைக்காரர் ஒருவரும் எங்களைப் பார்த்துவிட்டு மேலே பார்த்தார்.

"பாக்க வடிவாய் இல்லை" என்றார் தவமணி.

"இல்லைத்தான்" என்றேன்.

வீட்டுக்குள் போய்விட்டார். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

ஒக்டோபர் 19, ஞாயிறு

புதுக் கூரைக்கு இன்று முதல் மழை. மேல்மாடிச் சுவரைத் தடவிப் பார்த்தேன், காய்ந்து கிடக்கிறது. என் பக்கம் சத்தமே இல்லை. தார் ஓடு மழையை அப்படியே விழுங்குகிறது. சுவரில் காதை வைத்தால் அந்தப் பக்கம் தகரத்தில் ஆயிரம் மேளம் அடிப்பதுபோல என்று எழுதி, வெட்டிவிட்டேன். கச்சான் கடலை வறுப்பதுபோல. அவ்வளவுதான். கேட்க நன்றாக இருந்தது.

பின்வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது.

"இஞ்சருங்கோ."

எங்கள் ஊரில் பெண்சாதிமார் புருஷன்மாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அயலவர்களை அண்ணை என்பார்கள். யாரைக் கூப்பிடுகிறார் என்று வலப்பக்கம் பார்த்தேன். இடப்பக்கம் பார்த்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் நான் ஒருவன்தான் நின்றேன்.

"என்ன?" என்றேன்.

"தேத்தண்ணி ஆறுது."

குடை எடுக்க உள்ளே வந்த இடத்தில் இதை எழுதுகிறேன். மிச்சத்துக்கு நேரமில்லை.